பிரஸ்ஸிங் எங்கே உடைகிறது? ஆடியவர்கள் கண்ணில் படுவது (விவாத இழை)

எண்6_ஆடியவன்

கால்பந்தில் கோல் விழுந்ததும் கேமரா நேராக சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) முகத்துக்குப் போகிறது. ரீப்ளேயும் கடைசி மூன்று நொடியைத்தான் காட்டுகிறது. தொழில்முறை அணியின் டிரெஸ்ஸிங் ரூமில் அதே கோலைப் பார்க்கும்போது வீடியோவைப் பத்துப் பன்னிரண்டு நொடி பின்னால் இழுத்துத்தான் தொடங்குவார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் பெரும்பாலும் எதிரணியின் பாதியில், ஒருவர் மட்டும் தனியாக ஓடிப்போன இடத்தில் இருக்கும். அந்த இடத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

பிரஸ்ஸிங்கில், அதாவது பந்து எதிரணியிடம் இருக்கும்போதே ஏறிப்போய் நெருக்கிப் பறிப்பதில், ஓட்டத்தின் அளவை விட அது தொடங்கும் கணம்தான் முக்கியம். எதைப் பார்த்ததும் கிளம்புவது என்று பதினோரு பேரும் வாரம் முழுக்கப் பேசி ஒத்துக்கொண்டிருப்பார்கள். வழக்கமான சைகைகள் இவை: எதிரணி பந்தைப் பின்னால் பாஸ் செய்வது, முதல் டச் காலை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் விலகுவது, பந்து வாங்குபவர் தன் கோலைப் பார்த்தபடி உடம்பை மூடி நிற்பது, டச் லைனை ஒட்டி நிற்கும் ஃபுல் பேக்குக்கு (ஓரத் தடுப்பாட்டக்காரர்) மெதுவான பாஸ் போவது, பந்து காற்றில் குதித்து வருவது. இவற்றில் எல்லாவற்றுக்கும் கிளம்புகிற அணி அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும். நல்ல அணிகள் எதிரணியைப் பார்த்து இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுக்கின்றன.

கிளம்பும் ஸ்ட்ரைக்கர் நேர்கோட்டில் ஓடக்கூடாது. வளைந்து ஓடி, ஒரு சென்டர் பேக்கிலிருந்து இன்னொருவருக்குப் போகும் பாஸை முதுகால் அடைத்துக்கொண்டே வரவேண்டும். அப்போதுதான் மைதானம் பாதியாகச் சுருங்கும். அவருக்குப் பின்னால் 10 மீட்டரில் அடுத்த ஆள், அவருக்குப் பின்னால் பேக் லைன் (தடுப்பு வரிசை) நடுக்கோட்டை நோக்கி ஏறிவர வேண்டும். பயிற்சியாளர் அரிகோ சாக்கியின் மிலான் 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே 25 மீட்டர்தான் என்பது அவர் வைத்த அளவு. இன்று 30, 35 வரை விடுகிறார்கள். 45 ஆகிவிட்டால் நடுவில் எதிரணியின் மிட்ஃபீல்டர் நிதானமாகத் திரும்பி, தலை தூக்கிப் பார்த்து பாஸ் போடுவார். அதன்பிறகு சென்டர் பேக் எந்த முடிவு எடுத்தாலும் தப்பாகத்தான் தெரியும்.

என் கருத்து இதுதான்: தனியாகக் கிளம்பும் உழைப்பாளி, கிளம்பாமல் நிற்பவரை விட அணிக்கு அதிக ஆபத்து. ரசிகர்கள் முதலாமவருக்குக் கைதட்டுகிறார்கள்.

வலது_பேக்

அண்ணே, முழுக்க ஒத்துக்கறேன். ஆனா ஃபுல் பேக் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துக்கணும். இன்னைக்கு நிறைய அணிகள்ல விங்கர் (ஓரத்துல ஆடுற முன்கள ஆட்டக்காரர்) ஏறிப்போய் எதிரணி சென்டர் பேக்கைப் பிடிக்கிறார். அப்போ எதிரணி ஃபுல் பேக் ஃப்ரீ. அவரைப் பிடிக்க நம்ம ஃபுல் பேக் தான் பிடிச்சிருக்கிற எதிரணி விங்கரை விட்டுட்டு மேல குதிக்கணும்.

ஒரு 25 மீட்டர் பாஸ், நொடிக்கு 15 மீட்டர் வேகத்துல போனா ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் மேல ஆகும். நின்ன இடத்துலேருந்து கிளம்புற ஆட்டக்காரர் அந்த நேரத்துல 10 மீட்டர் கூட முழுசா ஓட முடியாது. அதனால நான் 20 மீட்டர் தள்ளி நின்னா எவ்வளவு வேகக்காரனா இருந்தாலும் பயன் இல்ல. ரெண்டே வழி. ஒண்ணு, முன்னாடியே 10, 12 மீட்டருக்குள்ள போய் நிக்கணும். ரெண்டு, பந்து காலை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே ஓடத் தொடங்கணும். பாஸ் போடறவர் தலையைக் குனிஞ்சு, உதைக்காத காலை ஊனுற அந்தக் கணம்தான் கிளம்ப வேண்டிய நேரம். அதுக்கப்புறம் அவரால முடிவை மாத்த முடியாது.

நான் குதிச்சதும் பக்கத்து சென்டர் பேக் விங்கர் பக்கம் நகரணும், அடுத்தவர் நடுவுக்கு வரணும், தூரத்து ஃபுல் பேக் உள்ள சுருங்கணும். இந்தச் சங்கிலியில ஒருத்தர் தயங்கினாலும் நான் விட்டுட்டு வந்த இடத்துல ஒரு நேர் பந்து விழும். டிவியில "ஃபுல் பேக் எங்கே போனார்?" அப்படின்னு கேப்பாங்க. அவர் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போயிருப்பார்.

காணொளி_மேசை

வீடியோ பகுப்பாய்வு பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். இந்தச் சங்கிலி வேலையே வேண்டாம், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்வோம் என்பது இன்னொரு பாதை. அதன் மிகத் தெளிவான உதாரணம் 2024 மே 22, டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. பயிற்சியாளர் ஷாபி அலோன்சோவின் ஜெர்மன் அணி லெவர்குசன் 51 போட்டிகளாகத் தோற்காமல் வந்தது. பயிற்சியாளர் காஸ்பெரினியின் இத்தாலிய அணி அடலாண்டா மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு 3-0 என்று வென்றது. மூன்று கோலும் லுக்மேன் அடித்தவை.

லெவர்குசனின் 3-4-2-1 (மூன்று தடுப்பாட்டக்காரர், நான்கு மிட்ஃபீல்டர், அவர்களுக்கு முன் இருவர், ஒரு ஸ்ட்ரைக்கர்) எதிரணியின் மண்டலங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஆள் நிறுத்தி வாழும் அமைப்பு. ஒவ்வொருவர் முதுகிலும் ஒருவர் ஒட்டியிருந்தால் அந்த இடைவெளியே இருக்காது. பந்து வாங்குபவர் திரும்ப முடியாமல் ஒரே டச்சில் பின்னால் தள்ளுவார், அதுவே அடுத்த பிரஸ்ஸுக்குச் சைகையாகிவிடும்.

விலையும் உண்டு. ஒருவர் டிரிபிளில் தோற்றால் அவருக்குப் பின்னால் காப்பு இல்லை. இன்னொன்று, கோல்கீப்பரைக் கணக்கில் சேர்த்தால் எதிரணிக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதல். கோல்கீப்பரை நெருக்க வேண்டுமென்றால் ஒருவர் தன் ஆளை விட்டுத்தான் ஆகவேண்டும். 2019இல் கோல் கிக் விதி மாறி, பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளியேறும் முன்பே சக ஆட்டக்காரர் தொடலாம் என்றான பிறகு இந்தக் கூடுதல் ஆளின் மதிப்பு ரொம்பவே ஏறிவிட்டது. சென்டர் பேக்குகள் கோல்கீப்பருக்கு இருபுறமும் 5.5 மீட்டர் கோட்டருகே (கோலுக்கு முன்னுள்ள சின்னப் பெட்டியின் கோடு) நிற்கிறார்கள். நெருக்க வருபவர்கள் அவ்வளவு தூரம் ஏறிவந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் திறந்து கிடக்கும். அதற்காகத்தான் அந்தப் பாஸ் விளையாட்டே. "ஏன் வீணாக ஆபத்தை அழைக்கிறார்கள்" என்று கேட்பவர்கள் எதிரணியின் மிட்ஃபீல்டர்கள் எங்கே இழுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இளையோர்_கோச்

நல்ல இழை. ஒரு கேள்வி. 16, 17 வயது ஆட்டக்காரர்களுக்கு இதைப் பயிற்சியில் கொடுக்கும்போது பலகையில் புரிகிறது, மைதானத்தில் கலைந்துவிடுகிறது. எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பது? தொழில்முறை அணிகளில் வாரத்தில் எந்த நாளில் செய்கிறார்கள்?

எண்6_ஆடியவன்

கோச் சார், பெரிய அணிகளிலும் முதலில் நடை வேகத்தில்தான் தொடங்குவார்கள். எதிரணியாக நிற்பவர்கள் பந்தைக் கையில் பிடித்துக்கூடத் தூக்கிப் போடலாம். பந்து எங்கே போனால் யார் எங்கே என்பது மட்டும் அதில் தெளிவாக வேண்டும். 10 நிமிடம் போதும்.

அடுத்து பாதி மைதானம். பந்தோடு கோல்கீப்பர் சேர்த்து 7 பேர், நெருக்க 6 பேர். நடுக்கோட்டில் இரண்டு சின்ன கோல். ஒவ்வொரு முறையும் பந்து கோல்கீப்பரிடமிருந்தே தொடங்க வேண்டும். நெருக்கும் அணி பந்தைப் பறித்தால் 8 நொடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும், பந்தோடு தொடங்கியவர்கள் சின்ன கோலில் அடித்தால் அவர்களுக்குப் புள்ளி. 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு, இப்படி 4 முறை. கடைசிச் சுற்றில் கால் கனக்கும்போது யார் தாமதிக்கிறார் என்பதைப் பாருங்கள். போட்டியின் 70வது நிமிடத்தில் அதே ஆள்தான் தாமதிப்பார்.

கலைந்துபோவதற்குப் பொதுவான காரணம், பேக் லைன் ஏறாமல் முன்வரிசை மட்டும் ஏறுவது. தடுப்பாட்டக்காரர்கள் இல்லாமலே பிரஸ்ஸிங் பயிற்சி செய்வதால் வருவது அது. பாதி மைதானத்தில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது 11 பேரும் முழு நீளத்தில் ஆட வேண்டும். இன்னொரு தவறு, ஒவ்வொரு பிழைக்கும் விசில் அடித்து நிறுத்துவது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தினால் காது கொடுப்பார்கள். ஐந்து முறை நிறுத்தினால் உங்கள் முகத்தைப் பார்த்து ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

நாள் கணக்கு: போட்டிக்கு 4 நாள் முன் சின்ன இடத்தில் மோதலும் திடீர் நிறுத்தமும் அதிகமுள்ள வேலை. 3 நாள் முன் பெரிய இடத்தில் முழு வேக ஓட்டம், பிரஸ்ஸிங்கும் அன்றுதான். 2 நாள் முன் சுமையைக் குறைத்து அமைப்பு மட்டும். முந்தின நாள் கார்னர், ஃப்ரீ கிக், கொஞ்சம் குறுகிய வேக ஓட்டம், அவ்வளவுதான். முந்தின நாளில் கடுமையாக ஓடவிட்டால் போட்டியில் தொடைப் பின்தசை பிடிப்பது முழு வேகத்தில் ஓடும் விங்கருக்குத்தான்.

இனி, பலகையில் எழுத முடியாத பகுதி. பேச்சு.

பந்து வரும்போது குரல் கொடுப்பவர் பின்னால் நிற்பவர், ஏனென்றால் அவருக்குத்தான் முழுப் படமும் தெரிகிறது. சொல்வது இரண்டு சொல்: முதலில் பெயர், பிறகு வேலை. "டர்ன்", "மேன் ஆன்" (ஆள் ஒட்டி வருகிறான்), "ஹோல்ட்", "ஸ்டெப்" (ஏறு), "ட்ராப்" (பின்வாங்கு). பெயர் இல்லாமல் "ட்ராப்" என்று கத்தினால் மூன்று பேர் பின்வாங்குவார்கள், லைன் உடையும், ஆஃப்சைடு போச்சு. பந்து காலுக்கு வந்த பிறகு வரும் "மேன் ஆன்" சொல்லாமல் இருப்பதை விட மோசம், அவர் அப்போதுதான் தலையைத் திருப்புவார்.

இங்கேதான் பண்பாடு உள்ளே வருகிறது. 19 வயது மிட்ஃபீல்டர் முப்பது தாண்டிய சர்வதேச சென்டர் பேக்கைப் பார்த்து "ஸ்டெப்!" என்று கத்தத் தயங்குகிற அணியில் எந்தப் பிரஸ்ஸிங்கும் நிலைக்காது. மைதானத்தில் வயசும் சம்பளமும் குரலை அடக்கக்கூடாது, வெளியே வந்ததும் மரியாதை அதன் இடத்தில் இருக்கட்டும். இந்த அனுமதியை மேனேஜர் பேசித் தர முடியாது. மூத்தவர் இளையவரின் குரலுக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் கீழ்ப்படிந்து லைன் ஏற்றினால் அன்றைக்கே அணி மாறும். மூத்தவர் ஒருமுறை முறைத்துப் பார்த்தால் அந்த இளைஞர் அந்தப் பருவம் முழுக்க வாயைத் திறக்கமாட்டார்.

அபராதப் பட்டியலும் இந்த வகைதான். தாமதம், கூட்டத்தில் போன் ஒலிப்பது, தவறான கிட் போட்டு வருவது, எல்லாவற்றுக்கும் ஒரு தொகை. நான்கைந்து மூத்தவர்கள் குழுவாக முடிவு செய்து அவர்களே வசூலிப்பார்கள். மேனேஜர் அதில் தலையிடாத அணிகளே நன்றாக இருக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் அவர் குரல் உயர்த்தினால் பெரிய விஷயத்தில் அந்தக் குரலுக்குக் கனம் இருக்காது.

காணொளி_மேசை

பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2014 உலகக் கோப்பையின் பிரேசில்-ஜெர்மனி அரையிறுதியை விடத் தெளிவான பதிவு கிடையாது. 23வது நிமிடத்திலிருந்து 29வது நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் அடித்து 5-0 ஆக்கியது, முடிவு 7-1. பிரேசில் அணியில் கேப்டன் தியாகோ சில்வா தடையால் இல்லை, நெய்மார் காயத்தால் இல்லை. அந்த ஆறு நிமிடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பிரேசில்காரர்கள் உடனே சரிக்கட்ட முன்னால் பாய்கிறார்கள். இரண்டு பேர் பந்தை நோக்கி ஓட, மற்றவர்கள் நின்ற இடத்தில். ஜெர்மனி இரண்டு பாஸில் பாக்ஸுக்குள்.

அதனால்தான் பல அணிகள் கோல் வாங்கிய பிறகான 5 நிமிடத்துக்குத் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. கிக் ஆஃபிலிருந்து பந்தை நீளமாக எதிரணிப் பாதியின் மூலைக்கு அனுப்பு, பிரஸ் வேண்டாம், நடுக்கோட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நில், முதல் மோதலை ஜெயி. இதைச் சொல்லி நிறுத்திவைப்பதுதான் கேப்டனின் வேலை.

கையுறை_1

கோல்கீப்பர் தரப்பிலிருந்து. பேக் லைன் ஏறும்போது கோல்கீப்பரும் ஏற வேண்டும். லைன் நடுக்கோட்டருகே என்றால் அவர் பெனால்டி பாக்ஸின் விளிம்பில் அல்லது அதற்கும் வெளியே. பலர் செய்யும் பிழை தூரம் சம்பந்தப்பட்டது இல்லை. எதிரணி பந்தை உதைக்கும் கணத்தில் நகர்ந்துகொண்டிருப்பதுதான். உதைக்கும் கணத்தில் இரண்டு காலும் தரையில் நிலையாக இருந்தால்தான் முன்னால் பாய்வதா பின்வாங்குவதா என்று முடிவெடுக்க முடியும்.

2025-26 பருவத்திலிருந்து பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். முன்பு 6 நொடி, மறைமுக ஃப்ரீ கிக் என்று இருந்தபோது நடுவர்கள் அரிதாகத்தான் ஊதினார்கள். இப்போது கைக்குப் பந்து வந்ததும் தரையில் படுத்து மூச்சு வாங்க அணிக்கு நேரம் கொடுக்கும் பழக்கம் போய்விட்டது. பிரஸ் செய்யும் அணிக்கு அந்த ஓய்வு முக்கியமானதாக இருந்தது.

கார்னர் பற்றி யாரும் பேசவில்லையே. 2004 யூரோ கோப்பையில் பயிற்சியாளர் ஒட்டோ ரேஹாகலின் கிரீஸ் நாக் அவுட் போட்டிகள் மூன்றையும் 1-0 என்று வென்றது, மூன்றும் தலையால் முட்டியவை, கடைசி இரண்டும் கார்னரிலிருந்து. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோலில் 9, பெனால்டிகளையும் சேர்த்து, கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்தில் வந்தவை. இவ்வளவு இருந்தும் "கார்னரில் கோல் வாங்கினால் அலட்சியம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வலது_பேக்

கார்னர்ல ஆளைப் பிடிக்காம ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கிற மண்டலத் தடுப்புதான் அலட்சியம்னு நான் சொல்வேன். ஆளைப் பிடிச்சா யார் தப்புன்னு தெரியும். மண்டலத்துல எல்லாரும் அடுத்தவரைப் பார்ப்பாங்க.

கையுறை_1

தம்பி, யாரைத் திட்டுவது என்று தெரிவது தடுப்பு ஆகாது. ஆளைப் பிடித்தால் எதிரணி நம் தடுப்பாளரை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம், கூட்டமாக நின்று திரை போட்டுப் பிரித்துவிடலாம். 2018இல் இங்கிலாந்து வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நின்று பிரிந்ததே அதற்காகத்தான்.

மண்டலத்தின் பலவீனம் வேறு. நின்ற இடத்தில் குதிப்பவர், 6 மீட்டர் ஓடிவந்து குதிப்பவரிடம் உயரத்தில் தோற்பார். அதனால் இன்று பெரும்பாலானவர்கள் கலந்துதான் செய்கிறார்கள். 5.5 மீட்டர் கோட்டை ஒட்டி முதல் போஸ்ட்டிலிருந்து இரண்டாம் போஸ்ட் வரை தலையில் வலுவான 5 பேர். அவர்களுக்கு முன்னால் 3 பேர், எதிரணியின் சிறந்த ஓட்டக்காரர்களின் பாதையில் நின்று அந்த ஓட்டத்தை உடைக்க மட்டும்; பந்தைத் தொடுவது அவர்கள் வேலையே இல்லை. பாக்ஸ் விளிம்பில் 1, குட்டைக் கார்னருக்கு 1. பத்துப் பேரும் முடிந்தது. பாதையில் முன்கூட்டியே நிற்கலாம், ஆள் வந்ததும் நகர்ந்து இடித்தால் ஃபவுல்.

உடையும் இடம் பெரும்பாலும் இரண்டாவது பந்து, அதாவது முதல் முட்டலில் தெறித்துப் போகும் பந்து. முதல் முட்டல் ஜெயித்ததும் ஐந்து பேரும் பந்தைப் பார்த்து நின்றுவிடுவார்கள். பந்து பாக்ஸை விட்டு வெளியேறிய நொடியில் லைன் 11 மீட்டர் பெனால்டி புள்ளி வரைக்கும் ஏற வேண்டும், அதைக் கத்தவேண்டியவர் கோல்கீப்பர்.

ஃப்ரீ கிக்கைத் தடுக்க வரிசையாக நிற்கும் சுவர் விஷயத்தில் ஒன்று: 2019லிருந்து மூன்று பேருக்கு மேற்பட்ட சுவர் என்றாலும் மூன்று பேர் சுவர் என்றாலும் எதிரணி ஆட்கள் அதிலிருந்து 1 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கோல்கீப்பர் பார்வையை மறைக்கும் தொல்லை குறைந்தது. சுவருக்குப் பின்னால் ஒருவர் படுப்பது இப்போது எல்லோரும் செய்வது. சுவர் பயமில்லாமல் குதிக்கலாம் என்பதுதான் அதன் பலன். படுப்பவர் பந்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டிப் படுக்கட்டும், முகத்தில் வாங்க வேண்டாம்.

காணொளி_மேசை

இதோடு சேர்ந்த இன்னொரு ஓட்டை மாற்று ஆட்டக்காரர். ஐந்து மாற்று, ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மூன்று தடவைதான், இடைவேளை கணக்கில் வராது. ஒரே நேரத்தில் மூன்று பேர் உள்ளே வந்தால் கார்னரில் மூன்று பேரின் இடம் மாறுகிறது. வெளியேறியவரின் வேலையை அப்படியே உள்ளே வந்தவரிடம் கொடுத்தால், 1.90 மீட்டர் ஸ்ட்ரைக்கர் நின்ற முதல் போஸ்ட்டில் 1.70 மீட்டர் விங்கர் நிற்பார். அதனால் டச் லைனில் நிற்கும்போதே உதவிக் கோச் படங்களைப் புரட்டிக் காட்டுகிறார். உள்ளே வந்தவர் சொல்ல வேண்டிய முதல் சொல்லும் அதுதான்: நான் எங்கே, நீ எங்கே. எதிரணிக்குக் கார்னர் கிடைத்த நேரத்தில் மாற்றுவதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தவிர்க்கலாம்.

அமைப்பையே மாற்றுவதென்றால் இடைவேளைதான் சிறந்தது. 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், இஸ்தான்புல்லில் மிலானிடம் 0-3 பின்தங்கிய லிவர்பூல், இடைவேளையில் ஃபின்னனை எடுத்து ஹாமானை விட்டு பின்னால் மூவராக மாறியது. 54, 56, 60வது நிமிடங்களில் மூன்று கோல். மிலானின் காகா பந்தோடு திரும்பிக்கொண்டிருந்த இடத்தில் ஹாமான் நின்றதும் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டால் முன்னால் போக முடிந்தது. உணர்ச்சியைப் பற்றி எழுதுகிற அளவுக்கு அந்த ஒரு நிற்கும் இடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இளையோர்_கோச்

மிகவும் நன்றி. என் அணியில் கோல் நன்றாக அடிக்கும் ஸ்ட்ரைக்கர் ஒருவர், பிரஸ்ஸிங் அவருக்கு வராது. உட்காரவைக்க மனமில்லை. த்ரோ இன்னையும் பிரஸ் சைகையாக வைக்கலாமா?

எண்6_ஆடியவன்

அவரை ஓடவைக்க முயற்சி செய்யாமல் நிற்கவையுங்கள். பிரஸ் தொடங்கும் கோட்டை நடுவட்டத்தின் மேல் விளிம்புக்கு இறக்குங்கள். எதிரணி சென்டர் பேக்குகள் பந்தை வைத்துக்கொள்ளட்டும். அவர் செய்ய வேண்டியது ஒன்றே: அவர்களின் ஆறாம் எண் மிட்ஃபீல்டருக்குப் (தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர்) போகும் பாஸ் வழியில் நிற்பது. பக்கவாட்டில் இரண்டிரண்டு எட்டு நகர்ந்தால் போதும். பந்து ஃபுல் பேக்குக்குப் போனதும் விங்கரும் எட்டாம் எண் மிட்ஃபீல்டரும் கிளம்பட்டும், ஸ்ட்ரைக்கர் திரும்பும் பாஸை மட்டும் அடைக்கட்டும். பந்து பறிபோகும்போது அவர் களைக்காமல் முன்னால் நிற்பார், அதுதான் உங்களுக்கும் வேண்டும்.

த்ரோ இன் நல்ல சைகை. ஏறிவருபவர்கள் எறிந்தவரைப் பிடிக்க மறக்கிறார்கள், பந்து திரும்ப அவருக்கே போய் அவர் தடையில்லாமல் உதைப்பார். ஆகவே பந்தருகே உள்ள ஆட்களோடு எறிபவரையும் எண்ணி ஆள் ஒதுக்குங்கள். தூரத்து ஃபுல் பேக்கை மைதானத்தின் நடு வரைக்கும் இழுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு தூரம் கையால் எறிய முடியாது. ஒன்றை மட்டும் சென்டர் பேக்குகளிடம் ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்: த்ரோ இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. லைன் ஏற்றிக் கை தூக்கினால் நடுவர் ஊதமாட்டார். பின்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கரை ஒருவர் தொட்டுக்கொண்டே நிற்க வேண்டும், பந்து இரண்டாவது ஆளின் காலுக்கு வந்த பிறகுதான் லைன் ஏறலாம்.